ஐம்பது மீட்டரில் ஓர் உறை

கொழுந்தன் உறையைத் தையல் மேசைமேல் வைத்தான்.

"குழுவுல இருந்து என்னை எடுத்துட்டாங்க, அண்ணி. இது அவங்க பொருள். நீங்களே கொடுத்துடுங்க."

அவள் தைத்த உறைதான். ஆழ்நீரில் வேலை செய்பவர்கள் முதுகில் சுமக்கும் காற்று உருளைக்கானது. வெளியே தடித்த நைலான், உள்ளே ஐந்து மில்லிமீட்டர் ரப்பர் நுரை. வெறும் நைலானே போதும் என்று கணவர் அப்போதே சொன்னார். நைலானில் சுருக்கம் விழும். நுரை வைத்தால் தோல் போல ஒட்டிப் பிடிக்கும். அவளுக்குச் சுருக்கம் பிடிக்காது.

மூன்று வாரங்களுக்கு முன், நீர்த்தேக்கத்தின் மதகுக் கிணற்றில், ஐம்பது மீட்டர் ஆழத்தில் கொழுந்தனின் காற்றுக் குழாய் வெடித்தது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வால்வை மூட வேண்டும். அவன் நூறு முறை பழகிய வேலை. அன்று முடியவில்லை. காற்று முழுதும் போயிற்று. கூட இறங்கியவனின் காற்றை இருவரும் மாறி மாறிச் சுவாசித்து, உடம்பில் அழுத்தம் மெல்லக் குறைய நிற்க வேண்டிய இடங்களில் நிற்காமல் மேலே வந்தார்கள். கூட இறங்கியவனுக்குக் கால்கள் மரத்துப்போயின. இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

குழுத் தலைவரின் அறிக்கை ஒரே வரி: பதறியதால் வால்வை மூடவில்லை.

"கைக்குத் துணிதான் பட்டுச்சு, அண்ணி. வால்வே கிடைக்கல. தலைவர்கிட்ட சொன்னேன். அரண்டவன் கைக்கு இருண்டதெல்லாம் துணின்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நானும் சிரிச்சேன்."

அவள் உறையைப் புரட்டினாள். உருளையைக் கட்டும் இரும்புப் பட்டைக்கு மேலே இது உட்காரும். வால்வுக்கு நான்கு விரல் கீழே இதன் வாய் நிற்கும். அவளே அளந்தது. கரையேறியதும் தலைவரும் பார்த்தார். நான்கு விரல் கீழேதான் இருந்தது.

"குழாய் வெடிக்கும்போது எப்படி இருந்தே, தம்பி?"

"தலைகீழா. கிணத்துல வேற எப்படி இறங்குறது?"

"நாளைக்கு வா."

"எதுக்கு?"

"வான்னா வா."

ஆழ்நீர் டார்ச்சுகள் ஒழுகுமா என்று கணவர் சோதிக்கும் இரும்புக் கலம் பின்னறையில் இருந்தது. பக்கத்தில் கண்ணாடி வட்டம், மேலே கைப்பம்பு. எத்தனை மீட்டர் ஆழம் வேண்டுமோ அத்தனைக்கு நீரை அழுத்தலாம். துணியை அதில் யாரும் வைத்ததில்லை. துணி ஒழுகுமா என்று யார் பார்ப்பார்கள்?

மிச்சத் துணியிலும் நுரையிலும் சின்ன உறை ஒன்று தைத்தாள். ஒரு துண்டுக் குழாயில் மாட்டினாள். இரு கையாலும் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. குழாயைக் கலத்துக்குள் முடுக்கி, மூடி, கலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பம்பை அடித்தாள்.

இருபது மீட்டர். ஒன்றுமில்லை.

முப்பத்தைந்தில் நுரை நசுங்கி, உறை தளர்ந்து நழுவியது. ஐம்பதில் குழாயின் நுனியை, வால்வு இருக்கும் இடத்தை, முழுதாக மூடிக்கொண்டது.

கலத்தை நிமிர்த்தினாள். உறை பழைய இடத்துக்கு இறங்கியது. அழுத்தத்தை விட்டாள். நசுங்கிய நுரை உப்பி, குழாயை இறுகப் பிடித்தது. நடந்ததற்குத் தடமே இல்லை.

கணவர் கதவருகே நின்றிருந்தார்.

"அந்தப் பையன் காலுக்கும் நம்மளத்தான் கேப்பாங்க," என்றார்.

"கேக்கட்டும்."

"இன்னும் ஆறு உறை கேட்டிருக்காங்களே?"

"அதனாலதான்."

மறுநாள் அவள் சொல்லியனுப்பித் தலைவர் வந்தார். கொழுந்தன் வாசலோடு நின்றான். அவள் அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பம்பை அடித்தாள். தலைவர் குனிந்து கண்ணாடியில் பார்த்தார். நிமிர்ந்து, "இன்னொரு தடவை அடி, தங்கச்சி," என்றார். அடித்தாள்.

"அப்போ இவன் பதறலயா?"

"பதறாம? வால்வைக் காணோம்னா நீங்க பாட்டு பாடுவீங்களா, அண்ணே?"

தலைவர் சிரிக்கவில்லை. அவள் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினாள். எந்தத் துணி, எந்த நுரை, எத்தனை மீட்டரில் நழுவியது, தேர்ந்தெடுத்தது யார். கீழே அவள் கையெழுத்து. தலைவர் இரண்டு முறை படித்து, மடித்துப் பையில் வைத்தார்.

"அந்த ஆறு?"

"வெறும் நைலான். கீழே பட்டையோட ஒரு கட்டு."

"சுருங்கித் தொங்குமே."

"தொங்கட்டும். அம்பது மீட்டர்லயும் அப்படியேதான் தொங்கும். கலத்துல போட்டுப் பாத்துட்டுத்தான் தருவேன்."

கொழுந்தன் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"மூணு வாரமா என் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், அண்ணி," என்றான்.

அவள் அழுத்தத்தை விட்டாள்.

"திங்கக்கிழமை வந்துடுடா," என்றார் தலைவர்.

"அவன் எந்திரிச்சு நடக்கட்டும். அப்புறம் பாக்கலாம்." அண்ணியின் பக்கம் திரும்பினான். "என் பேருதான் சரியாச்சு. அவன் கால் என்னாலதான் போச்சுன்னு இன்னும் நினைச்சுக்கிட்டுக் கிடக்கான். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வாங்க. நீங்கதான் அவன்கிட்ட சொல்லணும்."

"நீயும் வருவியா?"

"வாசல் வரைக்கும்."

அவள் தலையசைத்தாள். நுரைச் சுருளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, கை கழுவப் போனாள்.