வெள்ளிக்கிழமை மண்

கொட்டாம்பட்டிக்குத் தெற்கே, நான்குவழிச் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊரில், அன்னக்கொடி சாபமிட்டுத் தூற்றிய மண் இன்றுவரை கீழே விழவில்லை. தூற்றிய இடத்திலேயே சுவராக நிற்கிறது. மழைக்குக் கரைவதில்லை, ஆடு உரசினால் உதிர்வதில்லை. பார்க்க வந்த என்ஜினீயர் தட்டிப் பார்த்தார், மேலே ஓடு போட்டாலும் தாங்கும் என்றார், டீ குடிக்கப் போய்விட்டார்.

வினை பாண்டிமீனாவால் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். பச்சைப் பொய். வினை மாத்திரையால் வந்தது. வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றும் பழக்கம் மேலத்தெரு, கீழத்தெரு என்று பார்க்கவில்லை. திருவிழாவில் பக்கத்தில் நிற்கச் சம்மதிக்காத வீட்டுப் பிள்ளைகள் ஒரே ஊசியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். கீழத்தெருப் பாண்டிமீனா மதுரையில் நர்ஸ். தம்பி விக்ரமை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அவன் சுவரேறிக் குதித்து அவளுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிடுவான். இன்னொரு தடவை ஊசி ஏறினால் பிழைக்கமாட்டான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருந்தப்ப மட்டுந்தான்க்கா தொடல. சாமிக்குப் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்" என்றான் விக்ரம்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள் பாண்டிமீனா. தன் வீட்டு நிலத்திலேயே ஒரு மறுவாழ்வு மையம் என்று திட்டம் போட்டாள். ஊர்க் கருப்பசாமியை அங்கே கொண்டுவந்து வைப்பது, பிள்ளைகள் கையில் காப்பு கட்டுவது. கட்டியவன் எல்லை தாண்டக்கூடாது. காலையில் பறை, பகலில் ஜல்லிக்கட்டுக் காளைகளைப் பராமரிக்கும் வேலை, கூடவே டாக்டரும் மருந்தும். சாமி வர வேண்டுமென்றால் பிடிமண் வேண்டும். கோயில் வாசல் மண்ணை ஊர்த் தலைமைக்காரரான அம்பல வீட்டார் தங்கள் கையால் அள்ளி, துணியில் முடிந்து கொடுத்தால்தான் அது பிடிமண்.

ஊர் அம்பலம் முத்துக்கருப்பன் முகத்திலடித்ததுபோல் மறுத்தார். "இங்க அப்படி ஒரு போர்டு தொங்குச்சுன்னா நம்ம பயகளுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? இதுல ஒங்க தெருவுக்கு எங்க சாமி மண்ணு வேற கேக்குதோ?" மறுநாளிலிருந்து கடையில் அவளுக்குச் சோப்பு இல்லை, மில்லில் மாவு அரைக்க ஆள் இல்லை. தண்ணீர் லாரி பாதி வழியில் திரும்பியது. அஸ்திவாரக் குழியில் யாரோ செத்த நாயைப் போட்டார்கள். அவள் நாயைப் புதைத்துவிட்டு வேறு குழி தோண்டினாள்.

அம்பலத்தின் மனைவி அன்னக்கொடிக்கு இது பொறுக்கவில்லை. தெருமண்ணைத் தூற்றினால் சாபம் அரைகுறையாய்ப் போய்விடும் என்று, கருப்பசாமி வாசலிலேயே கைநிறைய அள்ளி, முந்தானையில் முடிந்து எடுத்து வந்தாள். "நாசமாப் போடி! இந்த எடம் வெளங்காது!" என்று ஊரே பார்க்க வாரித் தூற்றினாள். மண் அந்தரத்தில் நின்று, முழங்கால் உயரச் சுவரானது. அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அம்பல வீட்டுக் கை, சாமி வாசல் மண், துணி முடிச்சு. பிடிமண் கொடுத்தாகிவிட்டது. கொடுத்த பிடிமண்ணைத் திரும்பக் கேட்கும் வழக்கம் எந்த நாட்டிலும் கிடையாது.

அன்றே விக்ரமுக்குக் காப்பு கட்டினார்கள். நடுங்கினான், வாந்தியெடுத்தான், அக்காளைக் கெட்ட வார்த்தையில் ஏசினான், எல்லைவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தான். பிழைத்துக்கொண்டான். அன்னக்கொடி விட்ட குறையை முடிக்க வெள்ளிக்கிழமைதோறும் கோயில் மண்ணோடு வந்து தூற்றினாள், சுவர் வளர்ந்தது. மேலத்தெருப் பெண்கள் சேர்ந்து வந்து தூற்றியதில் சமையலறை எழும்பியது. ஊரின் வயிற்றெரிச்சல் ஓயவில்லை, கட்டட வேலையும் ஓயவில்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை அன்னக்கொடி முந்தானையை அவிழ்க்கும்போது, சுவர் எழும்பாத மூலையில் பாயில் சுருண்டு கிடந்தவனைப் பார்த்தாள். அவள் மகன் ஜெயபாண்டி. கோயம்புத்தூரில் வேலை என்று அம்பலம் ஊருக்குச் சொல்லியிருந்தார். அவளும் நம்பியதுபோல் இருந்துவிட்டாள். அவன் கையில் காப்பு இருந்தது. விக்ரம் அவன் தலையை மடியில் வைத்துக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தான். முடிச்சை அவிழ்த்த கை அப்படியே நின்றது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"மழை வருதுத்தா. இந்தப் பக்கம் நின்னு தூத்துங்க" என்றாள் பாண்டிமீனா.

அன்னக்கொடி அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் போய் நின்று, பாண்டிமீனாவின் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசிக்கொண்டே தூற்றினாள். போதவில்லை. கோயிலுக்கு ஓடிப்போய் மறுபடியும் அள்ளி வந்தாள். தூறல் விழுந்தபோது மண் ஜெயபாண்டியின் தலைக்கு மேல் வளைந்து மூடியிருந்தது.

இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து ஏசிவிட்டுப் போகிறாள். யாரும் தடுப்பதில்லை. இன்னும் இரண்டு அறை பாக்கியிருக்கிறது.