ஏதோ ஓடிக்கிட்டு இருக்கு

ஆஸ்திரேலியாவில் நிங்கன் ஊர்ப் பக்கத்து ஆட்டுப் பண்ணைகளில் ஒரு வழக்கம். மழை பொய்த்து, மந்தையைச் சுட்டுப் புதைத்துவிட்டு வருகிறவனிடம் எப்படியிருக்கிறாய் என்று கேட்டாலும், "ஏதோ ஓடிக்கிட்டு இருக்கு" என்றுதான் சொல்வான். அதற்கு மேல் சொன்னால் ஒப்பாரி என்று பெயர்.

அப்படியொரு பண்ணையில் இருந்த கெரினின் மகள் பிரைனிக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் பிறவியிலேயே இருந்தது. அதோடு வாழப் பழகியிருந்தார்கள். போன வருடம் பயமும் வந்து சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடம் நின்றது. சாப்பாடு சுருங்கியது. தோலைப் பிய்த்துப் பிய்த்துக் கையெல்லாம் புண். டப்போ நகரத்திலிருந்து வியாழக்கிழமைகளில் வரும் மனநல ஆலோசகர் நெரிடாவிடம் மட்டும் வாய் திறப்பாள். அதுவும் கொட்டகையோரம் நிற்கும் பழைய வண்டிக்குள், இருவரும் ஒருவரையொருவர் பாராமல், முன்கண்ணாடியைப் பார்த்தபடி. அந்த வருகைக்கு அரசாங்கம் பணம் கொடுத்துவந்தது. தொடர்ந்து கொடுக்கலாமா என்று பார்க்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மோசமான நாளைப் பற்றிக் கேட்பார்கள், உள்ளதை உள்ளபடி சொல் என்று கணவன் ராஸிடம் கெரின் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

புதுக் காரின் சத்தம் கேட்டதுமே பிரைனி கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டாள். கெரினும் தரையில் படுத்து அவளுக்குக் கை நீட்டினாள். வந்த இளைஞனுக்குப் பதில் சொல்ல ராஸ் மட்டும்தான் மிச்சம். ராஸின் குரல் சமையலறையிலிருந்து கேட்டது.

"எங்களவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க தம்பி. எங்களுக்கு ஏதோ ஓடிக்கிட்டு இருக்கு. கேக் எடுத்துக்கங்க."

மகள் விரலை இறுகப் பிடித்திருந்தாள். கெரினால் எழுந்து போக முடியவில்லை.

குடும்பம் நன்றாகச் சமாளிக்கிறது என்று முடிவு வந்தது. பயத்துக்கு மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கேட்டால், ஆட்டிசக் குழந்தையா, அது எங்கள் வேலையில்லை என்று, பணம் கொடுத்துவந்தவர்களிடமே திருப்பிவிட்டார்கள். நெரிடாவின் வருகை நின்றது.

"உள்ளதைச் சொல்லியிருந்தா உன் வாய் வெந்தா போயிருக்கும்?" என்றாள் கெரின்.

"முன்னப்பின்ன தெரியாத பய. அவன்கிட்ட நம்ம புள்ளையப் பத்தி அழச் சொல்றியா?"

"ஆமா. அழத்தான் சொன்னேன். உன் மானத்துக்கு அவ கைத்தோல்தான் கெடச்சுதா?"

ராஸ் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போனான்.

அடுத்த வியாழக்கிழமை மேல்முறையீட்டுக்குத் தொலைபேசியில் காத்திருந்தாள் கெரின். சொல்லவேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, பழைய வண்டியில் பிரைனி ஏறி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை காலி. ராஸ் வாசலில் வந்து நின்றான்.

"வணக்கம், கெரின். எப்படி இருக்கீங்க?" என்றாள் மறுமுனையில் ஒருத்தி, கனிவாக.

"நல்லாத்தான் இருக்கேன். ஏதோ ஓடிக்கிட்டு இருக்கு" என்றது கெரினின் வாய்.

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. ராஸ் தலை குனிந்துகொண்டான்.