மூன்றாவது அலாரம்

லொரேனுக்கு ஒரு காலத்தில் நிறையப் பொறுமை இருந்தது. நாற்பது வருஷம் நெவிலோடு குடித்தனம் நடத்தியதில் முக்கால்வாசி தீர்ந்துபோனது. மிச்சத்தை இந்த ஜனவரி தின்றுகொண்டிருந்தது.

இங்கிலாந்தின் போல்டன் நகரத்துக் குளிரில் அவர்கள் வீட்டு முன்னறையில் கேஸ் கணப்பு காலையிலிருந்தே எரிந்தது. விஷவாயு சேர்ந்தால் கத்துவதற்காக அலமாரி மேல் ஒரு அலாரம். ஒரே மாதத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டும் கத்தித் தொலைத்தன. "மட்டமான சரக்கு" என்று நெவில் அவற்றைக் கடையில் கொடுத்து மாற்றி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிவியில் கால்பந்து சூடு பிடித்த நேரம், மூன்றாவதும் கத்தியது.

"அந்த பேட்டரியக் கழட்டு. இதுவும் போச்சு," என்றார் நெவில், நாற்காலியை விட்டு அசையாமல்.

"மூணு அலாரமும் பொய் சொல்லுது, உன் கணப்பு மட்டும் யோக்கியம். அப்படித்தானே?"

"இருபது வருஷமா எரியுது. ஒரு நாள் மக்கர் பண்ணிருக்கா?"

"நீலமா எரிஞ்ச தீ மஞ்சளா சோம்பிக் கெடக்கு. செவுத்துல கரி ஏறியிருக்கு. தினம் சாயங்காலம் ரெண்டு பேருக்கும் மண்டையிடி, கடைத்தெருவுக்குப் போனா சரியாயிடுது. ஆளைக் கூப்பிட்டுக் காட்டுன்னு எத்தன தடவ சொல்றது?"

"தலைவலி வயசுனால வருது."

"ஏன், கடைத்தெருவுல உனக்கு வயசு கொறஞ்சிடுதா?"

இதற்குச் சுடச்சுடப் பதில் சொல்லத்தான் நெவில் எழுந்தார். கால் பின்னியது. நாற்காலியிலேயே சரிந்து, ஏதோ குளறினார். குடிக்காத மனுஷன்.

லொரேன் பாய்ந்து வந்தாள். கணப்பை அணைத்தாள், ஜன்னலையும் கதவையும் திறந்துபோட்டாள், அக்குளில் கைகொடுத்து அவரைத் தெருவுக்கு இழுத்தாள். வாசற்படியில் உட்காரவைத்து ஆம்புலன்ஸுக்கும் கேஸ் அவசர உதவிக்கும் போன் போட்டாள். இத்தனையும் செய்யும்போது திட்டிக்கொண்டே இருந்தாள். வாயை மூடினால் அழுதுவிடுவோம் என்று பயம்.

வாசலில் வந்து நின்ற ஆம்புலன்ஸில் அவருக்கு ஆக்சிஜன் முகமூடி மாட்டினார்கள். அவளுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதற்குள் கேஸ் அவசர உதவி ஆள் வந்து இணைப்பை மூடிவிட்டு வீட்டுக்குள் துழாவிக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் கதவருகே வந்து நின்றான். கையில் ஒரு மூட்டை, பெண்கள் போடும் நீளக் காலுறைகள், அழுக்கேறி.

"புகைக்குழாய்லயும் அடைப்பு இருக்கு. அதுக்கு மேல, சோபா பின்னால காத்து வர்ற துவாரத்துல இத்தனையையும் திணிச்சு வச்சிருக்கீங்க. இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்க. யாரு அடைச்சது?"

லொரேனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. போன குளிர்காலம் காலில் காற்று அறைகிறது என்று அவளே திணித்தது. திணித்ததை அன்றே மறந்தும் போனாள்.

நெவில் காலுறைகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகமூடியைக் கீழே இறக்கினார்.

"நான்தான்," என்றார். "அவ வேண்டாம்னுதான் சொன்னா. நான் எங்க கேட்டேன்."

நாற்பது வருஷத்தில் அந்த மனுஷன் செய்யாத தப்பை ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. லொரேனுக்கு அவரை அறையவேண்டும் போலவும் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

"முகமூடிய மாட்டு மொதல்ல," என்று அதட்டி, தானே அதை அவர் முகத்தில் பொருத்தினாள். பிறகு கேஸ் ஆளிடம் திரும்பினாள்.

"அது என்னோட காலுறை தம்பி. நான்தான் அடைச்சேன்."