வளையம் மாற்றாத கடிகாரம்

துறைமுகத்தில் கப்பலின் அடிப்பகுதியைச் சுரண்ட இறங்கிய முக்குளிப்பவன் நாற்பத்தோராம் நாள் பகலில் மேலே வந்து, சாப்பாடு வந்துவிட்டதா என்று கேட்டான். தாடி வளரவில்லை. முதுகிலிருந்த உருளையில் பாதிக் காற்று மிச்சமிருந்தது. சுரண்டும் தகடு மழுங்கிவிட்டது, வேறு கொடுங்கள் என்றான். சிவப்பாக இருந்த கப்பல் நடுவில் எப்படிக் கறுப்பானது என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. பத்து மணிக்கு இறங்கியவனைப் பத்தே முக்காலுக்கு மேலே வரச் சொல்லியிருந்தார்கள். அவன் கைக்கடிகாரத்தில் மணி இன்னும் பத்து பதினேழுதான்.

சிவப்புக் கப்பல் ஏழாம் நாளே கிளம்பிப் போயிருந்தது. மூன்று நாள் தேடிய கம்பெனி, நான்காம் நாள் அவனுடைய அலமாரிப் பூட்டை உடைத்து வேறொருவனுக்குக் கொடுத்தது. பத்தொன்பதாம் நாள் அவன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. உப்புக்கூடக் காயாமல் வீடு வந்து சேர்ந்தவனின் மடியில் அவனுடைய அக்கா குழந்தையை வைத்தாள். அவன் அதையே வெறித்துப் பார்த்தான். "இருபது நிமிஷத்துக்கு முன்னாடி இது வயித்துக்குள்ள இருந்துச்சேக்கா" என்றான். அழுகை வர வேண்டிய இடத்தில் அக்காவுக்குக் கோபம் வந்தது. அவன் கையைப் பிடித்து, கடிகாரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

அவள் கடிகாரம் பழுதுபார்ப்பவள். இரண்டு தெரு தள்ளி ஒரு மேஜை போடுமளவு கடை. தண்ணீரில் இறங்கும் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றும்போதெல்லாம் பின்மூடிக்கு அடியிலிருக்கும் ரப்பர் வளையத்தையும் மாற்றியே தீருவேன் என்று அடம்பிடிப்பதால் தெருவில் அவளுக்கு ரப்பரம்மா என்று பெயர். பழைய வளையம் நசுங்கியிருக்கும், ஒரு தலைமுடி கிடந்தாலும் தண்ணீருக்கு அது வாசற்படி என்பாள். மூடிய பிறகு காற்றை அழுத்தி அடைக்கும் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு, அப்புறம் தண்ணீரில் இறக்கி, அழுத்தத்தை மெல்லக் குறைத்து, குமிழி வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். இதற்கெல்லாம் ஒரு நாள் ஆகும் என்றபோது கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி சிரித்தார். தெருமுனைப் பெரிய கடையில் 'ஐந்தே நிமிடத்தில் பேட்டரி' என்று பலகை இருந்தது. பதினாலு முக்குளிப்பவர்களின் கடிகாரங்களும் அங்கேதான் போயின.

தம்பியின் கடிகாரத்தில் கண்ணாடிக்கு உள்ளே பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அதில் சின்ன அலைகள் அடித்தன. மூடியின் ஓரத்தில் பழைய வளையம் நாக்கைப்போல வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

முதலில் கம்பெனிக்குப் போனாள். அதிகாரி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"லீவு சொல்லாம நாப்பத்தொரு நாள் வரலைம்மா. விளக்கம் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

"எங்கே போயிட்டான்? உங்க கப்பலுக்கு அடியிலதானே இருந்தான்!"

"அதுக்குச் சாட்சி இருக்கா?"

சாட்சியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நேராகத் தெருமுனைக் கடைக்கு நடந்தாள். குளிரூட்டிய கடை, முழுக்கக் கண்ணாடி மேஜைகள். கழுத்துப்பட்டை கட்டிய மேலாளர் கடிகாரத்தை விரல் நுனியால் தள்ளிவிட்டார். "தண்ணியைத் தாங்கும்னுதான் இதுல போட்டிருக்கு மேடம். எவ்வளவு தாங்கும்னு நாங்க சொல்லலையே. ஆழத்துக்குக் கொண்டுபோனது உங்க தம்பி தப்பு."

"முக்குளிக்கிறவன் பின்னே மொட்டை மாடிக்கா கொண்டுபோவான்?" என்றாள். அவளுடைய குரலில் வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திறப்பானை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே பின்மூடியைத் திருகினாள்.

முதலில் ஒரு கரண்டித் தண்ணீர் வந்தது. பிறகு ஒரு வாளி. பிறகு அது நிற்கவேயில்லை. குளிர்ந்த, பாசி வாடை அடிக்கும் கடல் தண்ணீர் மேஜையிலிருந்து தரைக்கு இறங்கி, கணுக்காலைத் தாண்டி, விற்பனைப் பெண்களின் முட்டியைத் தொட்டது. இரண்டு நண்டுகளும் வந்தன. மேலாளர் நாற்காலிமேல் ஏறிக்கொண்டு, மூடுங்கள், மூடுங்கள் என்று கத்தினார்.

"மூடறேன். ஒரு வளையம் குடுங்க."

எல்லா இழுப்பறைகளையும் இழுத்துக் கொட்டினார்கள். பேட்டரி இருந்தது, தோல் பட்டை இருந்தது, பளபளக்கும் பைகள் இருந்தன. அந்தக் கடையில் ஒரே ஒரு ரப்பர் வளையம்கூட இல்லை. இருந்ததே இல்லை. பதினாலு பேரை இப்படியே கடலுக்குள் இறக்கிவிட்டிருக்கிறார்கள்! தன் பையிலிருந்து புது வளையமொன்றை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "எழுதுங்க" என்றாள். பதினாலு கடிகாரத்துக்கும் வளையம் மாற்றவில்லை, சோதிக்கவும் இல்லை என்று மேலாளர் நாற்காலிமேல் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் மூடியின் பள்ளத்தைத் துடைத்து, வளையத்துக்கு மசகு தடவி உட்கார வைத்து, மூடியைத் திருகினாள். ஒரு சொட்டுகூட அதற்குமேல் வரவில்லை.

அதிகாரி அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். நாற்பத்தொரு நாளும் முக்குளிப்பவன் வேலையில்தான் இருந்தான் என்று பதிவேடு திருத்தப்பட்டது. மன்னிப்பு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. அவள் அதை இன்றுவரை விடவில்லை, யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வாள். மற்ற பதின்மூன்று பேரும் வேலைக்கு இறங்க மறுத்து, கடிகாரங்களைக் கழற்றி அவள் மேஜையில் வைத்தார்கள். பதினொன்றில் குமிழி வந்தது.

பெரிய கடையில் கொட்டிய தண்ணீர் வடியவில்லை. இயந்திரம் வைத்து இறைத்தார்கள், தரையை உடைத்துப் பார்த்தார்கள், பயனில்லை. துறைமுகத்தில் கடல் ஏறும்போது கடைக்குள்ளும் ஏறியது, அங்கே இறங்கும்போது இங்கேயும் இறங்கியது. அடுத்த வருடம் கடை திறக்கும் நேரத்தை நீர்மட்ட அட்டவணை பார்த்து மாற்றிக்கொண்டார்கள். வாடிக்கையாளர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போய், சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.