இரண்டு காசில் ஒரே கீறல்

நாணயக் கடையின் பின்னறையில் பேச்சு முடிந்துவிட்டது. பல் டாக்டர் கொண்டுவந்த நான்கு ரோமானிய வெள்ளிக் காசுகளுக்கு அண்ணனிடமிருந்த ஒரே ஒரு அபூர்வக் காசு. பணம் கிடையாது, காசுக்குக் காசு. தங்கை பார்த்து, அசல்தான் என்று சொல்ல வேண்டியது மட்டுமே பாக்கி.

அவள் லென்ஸைக் கண்ணில் பொருத்தினாள். முதல் காசில் பேரரசரின் முகம். கட்டைவிரல் நகத்தளவு இடத்தில், தாடைக்கடியில் தொங்கும் சதையைக்கூட விடாமல் செதுக்கியிருந்தான் எவனோ. கழுத்தில் வளைந்த கீறல் ஒன்று.

மூன்றாவது காசிலும் அதே முகம். அதே கீறல், அதே வளைவு.

ஒரே அச்சில் அடித்தால் முகம் ஒன்றாக இருக்கலாம்; புழக்கத்தில் விழுந்த கீறல் எப்படி ஒன்றாகும்? கீறல் விழுந்த காசு ஒன்றிலிருந்து வார்த்தெடுத்த போலிகள் இரண்டும்.

"இந்த மூணாவது காசு எங்க வாங்கினது டாக்டர்?"

"ஏலத்துல."

"இந்த முதல் காசு?"

"உங்க கடையிலதாம்மா! ஆறு வருஷம் இருக்கும். நீதானே பாத்துக் குடுத்தே?" பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினார். அடியில் அவள் கையெழுத்து.

மேஜைக்கடியில் அண்ணன் அவள் காலை மிதித்தான். போலி நம் தலையில் விழுந்தாலும் பரவாயில்லை, கடைப் பெயர் கெடக்கூடாது என்று அதற்கு அர்த்தம்.

"எல்லாம் அசல்தானே? டாக்டருக்கு நேரமாகுது பார்" என்றான்.

தலையாட்டினால் போதும். டாக்டருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஆறு வருஷம் முன்பு ஒரு வியாபாரியிடம் அவள் நம்பி வாங்கி, அசல் என்று விற்றது இதே மாதிரி ஏழு காசு.

"ரெண்டும் போலி டாக்டர். இது நான் பண்ணின தப்பு."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனான். டாக்டர் காசையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இது மாதிரி இன்னும் எத்தனை குடுத்தே?"

"ஆறு. யார் யார்னு ஞாபகம் இருக்கு."

"அப்ப அவங்களுக்குச் சொல்லு முதல்ல. நம்ம பேச்சு அப்புறம்."

போனை எடுத்தாள். முதல் எண்ணைப் பாதி அழுத்தி அழித்தாள்; மறுபடி அழுத்தி மறுபடி அழித்தாள். வாசலில் நின்றிருந்த அண்ணன் உள்ளே வந்து, முகத்தைப் பார்க்காமலே போனை வாங்கிக்கொண்டான்.

"நம்பரைச் சொல்லு. நான் பேசித் தொலைக்கிறேன்."