சாம்பிளுக்கு மூன்று பொத்தான்கள்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. வேலூரிலிருந்து ஆம்பூர் போகும்போது, பின்சீட்டில் இருவர் பொத்தானைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். எது மெத்தென்று இருக்கிறது, எது முரடு என்று. சட்டைப் பொத்தான் என்று நினைத்தேன். பள்ளிகொண்டா தாண்டிய பிறகுதான் அது கணினித் திரையில் அமுக்குகிற பொத்தான் என்று புரிந்தது. திரும்பிக் கேட்டிருக்கலாம். நான் பேருந்தில் யாரோடும் பேசுவதில்லை. மீதியைக் கற்பனை செய்யவேண்டியதாயிற்று.

முதல் வரிக்கு நடந்த முயற்சிகள்:

தோல் வாசனையைப் போர்த்திக்கொண்டு கிடந்த அந்த ஊரில்... (வேண்டாம். ஆம்பூரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மூக்கிலிருந்தே தொடங்குகிறார்கள்.)

மனித வாழ்வில் தேர்வு என்பது... (இதை எழுதிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.)

2001இல் ஜெமிக்கு வேலை நிரந்தரமாகவேண்டியிருந்தது.

இது போதும்.

2

ஜெமி வேலூர்ப் பெண். கணினி படித்துவிட்டு, ஆம்பூரில் நயீம் அகமதுவின் தோல் தொழிற்சாலையில் சோதனைக் காலத்தில் இருந்தாள். சரக்கு இருப்புக்கு ஒரு நிரல் எழுதித் தரவேண்டும். வேலை நிலைக்காவிட்டால், அப்பா ஞானசீலன் வாத்தியார் சொல்லிவைத்திருக்கும் ஆஸ்பத்திரி பில் கவுன்டர். அங்கே நாள்பூராவும் யாரோ எழுதிய நிரலைத் தட்டிக்கொண்டிருக்கலாம். ஜெமிக்கு எழுதவேண்டும். இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

(முதல் வரைவில் அவளுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டியிருந்தேன். கணினி தெரிந்த பெண் என்றால் கண்ணாடியா என்று எனக்கே வெட்கமாகிக் கழற்றிவிட்டேன். அதிலிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நடமாடுகிறாள்.)

"சார், மொதல்ல டூல்கிட் முடிவு பண்ணணும்."*

"இன்னா கிட்?"

"மூணு இருக்குது சார். விஷுவல் பேசிக், ஜாவா ஸ்விங், டிகே."

"சாம்பிள் எங்க?"

"இதுக்கு சாம்பிள்லாம்..."

"டீயே ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுதான் மீதிய ஊத்தச் சொல்லுவேன். மூணுலயும் ஒரு துண்டு கொண்டாம்மா. அப்ரூவ் ஆச்சுன்னா நீ பர்மனன்ட்."

* திரையில் பெட்டி, பொத்தான் எல்லாவற்றையும் நாமே வரைந்துகொண்டிருக்க முடியாது. யாரோ செய்துவைத்ததை எடுத்து ஒட்டுவோம். அந்தச் சாமான் பெட்டிதான் டூல்கிட். எதை எடுத்தாலும் கடைசிவரை அதோடுதான் குடித்தனம்.

3

ஒரே மாதிரி மூன்று செய்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி, 'சேமி' என்று ஒரு பொத்தான். அவளுக்கு முழுசாகத் தெரிந்தது விஷுவல் பேசிக் மட்டும். ஜாவா, புத்தகத்தைப் பார்த்து அடித்தது. அந்தப் பொத்தானை அமுக்கினால் எதுவும் நடக்காது.

"ட்யூப்லைட்ல யாராவது சரக்கு பாப்பாங்களா? மேசைக்குக் கொண்டாங்க" என்றார் நயீம் பாய்.

தோலைத் தரம் பிரிக்கிற மேசை வடக்குப் பார்த்த ஜன்னலோரம் இருக்கும். அந்த வெளிச்சத்தில்தான் நிறம் பொய் சொல்லாது. இரண்டு பேர் மானிட்டரை மாப்பிள்ளை மாதிரி தூக்கிவந்து அதன்மேல் வைத்தார்கள். பகல் வெளிச்சத்தில் திரை சாம்பல் பூத்துப்போயிற்று.

"சாயமே ஏறல பாய்" என்றார் கோவிந்தசாமி. தரம் பிரிப்பவர் அவர்தான். நாளைக்கு இந்த நிரலில் உட்காரப்போகிறவரும் அவர்தான். டிகேயின் பொத்தானைக் கட்டைவிரலால் ஓங்கி அமுக்கினார். கண்ணாடியில் ரேகை விழுந்தது. "கச்சா. தள்ளு."

ஜாவாவை ஜெமி திறந்தாள். திறந்தாள் என்றால், திறக்கச் சொன்னாள். அந்தக் கணினியின் நினைவகத்துக்கு அது பெரிய சோறு.

"இது இன்னும் ஊறிக்கினு இருக்குது. ஊறட்டும். அடுத்தது?" என்றார் கோவிந்தசாமி.

விஷுவல் பேசிக் சட்டென்று வந்து நின்றது. கோவிந்தசாமி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "முகம் நல்லா இருக்குது."

"சதப் பக்கம் காட்டும்மா" என்று தோலின் உட்புறத்தைக் கேட்கிற மாதிரி கேட்டார் நயீம் பாய்.

"இதுக்குப் பின்பக்கம் கெடையாது சார்."

"பின்பக்கம் இல்லாத சரக்கு இன்னா சரக்கு?"

மானிட்டருக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். தடவியும் பார்த்தார். "தூசி ஜாஸ்தி. கிழிசல் இல்ல. பாஸ்."

(ஏற்றுமதி செய்கிற முதலாளி இவ்வளவு அசடா என்று கேட்பீர்கள். இல்லை. அந்த மேசைக்கு எது வந்தாலும் அவர் கை அப்படித்தான் போகும். நான்கூடப் புத்தகத்தை முதலில் முகர்ந்துதான் பார்க்கிறேன்.)

4

ஒப்புக்கொண்ட சாம்பிளின் மேலேயே முதலாளி கையெழுத்துப் போடுவது தொழில் வழக்கம். பிறகு மொத்தச் சரக்கும் அந்தத் துண்டைப் போலவே வரவேண்டும். மாறினால் அத்தனையும் திரும்பிவரும்.

"விஷுவல் பேசிக்தான். முடிஞ்சுது" என்று நயீம் பாய் வெள்ளி மசிப் பேனாவைத் திறந்து, திரையை நோக்கிக் குனிந்தார். அந்த நொடியில் ஜாவா ஊறி முடித்து, மேலே வந்து உட்கார்ந்தது. அவர் அதன்மேல் போட்டார். கண்ணாடியில். தேதியோடு.

"சார்! அது ஜாவா!"

"எதுமேல கையெழுத்து இருக்குதோ அதான் அப்ரூவ்டு. போட்டத அழிச்சா மரியாதை இல்லம்மா. தொழுதுட்டு வர்றேன், பீரோல வெச்சுப் பூட்டணும்."

போய்விட்டார். கோவிந்தசாமி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"ஜெமிம்மா, கையெழுத்து கண்ணாடிலதான இருக்குது? சரக்கு அடியில நகருமா?"

"நகரும்ணே."

"அப்ப நல்ல முகத்த அங்க நகத்து."

"ஏமாத்துற மாதிரி இல்ல?"

"வாயால சொன்னது எது?"

"வி.பி."

"கையால போட்டது?"

"ஜாவா."

அவர் யோசித்தார். "அப்ப பாதி ஏமாத்துதான்."

5

 

(மேலே இருப்பது காலி இடம் அல்ல. இரண்டு நாள் ஒன்றும் எழுதாமல் இருந்தேன்.)

நகர்த்தினாள், வேலை நிரந்தரமாயிற்று, ஆனால் அந்தக் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் மனம்... (இல்லை. அவளுக்கு அவ்வளவு மனம் நான் கொடுக்கவில்லை.)

ஜாவாவையே கற்றுக்கொள்ள முடிவுசெய்து புத்தகத்தைத் திறந்தாள்... (எழுதிப் பார்த்தேன். இருவருக்கும் தூக்கம் வந்துவிட்டது.)

ஆகவே நீங்கள். மௌஸ் இதோ. மூன்று சாம்பிளும் திரையில் இருக்கின்றன; இடது பொத்தானை அமுக்கிப் பிடித்து இழுக்கலாம், சும்மாவும் இருக்கலாம். கையெழுத்துக்கு அடியில் எது நிற்கிறதோ அதைத்தான் ஜெமி இனி எழுதியாகவேண்டும். எழுத முடியாவிட்டால் பில் கவுன்டர். கோவிந்தசாமி எதையும் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்க்கிறார். ரொம்ப யோசிக்காதீர்கள். நயீம் பாய் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார்.