பெரிய சகலையின் சேறு

சின்ன சகலை வரைந்த படத்தைப் பார்த்ததும் பெரிய சகலைக்கு வயிறு எரிந்தது. படம் நன்றாக இருந்ததற்காக அல்ல. நன்றாக இருக்கும் படங்களை அவர் தன் காலத்தில் ஏராளமாகப் பார்த்திருக்கிறார். ஏதாவது ஒரு மூலையில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியும் இருக்கிறார். இந்தப் படத்தில் வட்டம் போட இடமில்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது. கடினமான யோசனை அடுத்தவனுக்கு வந்தால், பாவம், எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டானோ என்று விட்டுவிடலாம். சுலபமான யோசனையை அப்படி விட முடியாது. அது நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

அவர்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் மண் அள்ளும் சின்ன லோடர்கள் செய்தார்கள். முன்னால் பக்கெட், நடுவில் ஒரே ஓர் ஆள் உட்காரும் கூண்டு, இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் பதில் உருளைகளைச் சுற்றி ஓடும் ரப்பர் டிராக். பீரங்கி வண்டிக்கும் குழந்தையின் நடைவண்டிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். குறுகிய சந்துக்குள் நுழையும், ஈர மண்ணில் புதையாமல் நிற்கும். ஒரே தொல்லை, டிராக்குக்குள் சேறு அடைத்துக்கொள்ளும். அடிச்சட்டத்தில் உருளைகளுக்கு மேலே அலமாரித் தட்டு போல ஓர் இரும்புத் தகடு இருந்தது. சேறு அதில் ஏறி உட்கார்ந்து, காய்ந்து, மறுநாள் கல்லாகி, உருளைகளைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் ஓட்டுநர்கள் கடப்பாரையோடு மண்டி போட்டுக் கிளறுவார்கள். கிளறும்போது அந்தச் சட்டத்தை வரைந்தவரையும் அவருடைய முன்னோர்களையும், ஒருவரையும் விடாமல், அன்போடு நினைவுகூர்வார்கள்.

வரைந்தவர் பெரிய சகலைதான். அவர் அதைக் குறை என்று ஒப்புக்கொண்டதே இல்லை. வண்டியோடு தரும் கையேட்டில் அவரே ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்: ‘சேறு இயற்கையின் அங்கம், அதை அகற்றுவது உபயோகிப்பவரின் கடமை.’ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்துவார். எவனாவது கை தட்டுவான் என்று ஒரு நம்பிக்கை.

சின்ன சகலை செய்தது இவ்வளவுதான். தகட்டைச் சாய்த்துவிட்டான். கூரை மாதிரி சரிவு, சரிவு முடிகிற இடத்தில் திறந்த வாய். ஏறுகிற சேறு தானே வழுக்கி வெளியே விழும்.

கூரை. மழைக்கு ஒதுங்கிய எவனுக்கும் தெரிந்த கூரை.

இந்தச் சின்ன சகலையை அங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அவரேதான். கொழுந்தியாளுக்குக் கல்யாணமான புதிதில், “நம்ம சின்ன மாப்பிள்ளைக்கு உங்க கம்பெனியில ஏதாவது பாருங்களேன்” என்று மாமனார் தயங்கித் தயங்கிக் கேட்டார். நமக்குக் கீழே ஒருத்தன் கைகட்டி நின்றால் மாமனார் வீட்டில் மரியாதை கூடுமே என்று இவரும் முன்னால் நின்று வாங்கிக் கொடுத்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு இவ்வளவு செலவாகும் என்று அப்போது தெரியவில்லை.

வீட்டுக்குப் போனாலும் நிம்மதி இல்லை. அக்காவும் தங்கையும் தினமும் போனில் பேசுகிறவர்கள். வடிவமைப்பு அறையில் காலையில் நடந்தது சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடும்.

“தங்கச்சி வீட்டுக்காரர் எதையோ கூரை மாதிரி சாய்ச்சு வச்சு எல்லாரையும் அசத்திட்டாராமே,” என்றாள் மனைவி.

“அது ஒண்ணும் பெரிய விஷயமில்லை.”

“பெரிய விஷயம் இல்லைன்னா சரி. நம்ம மொட்டை மாடியில தண்ணி தேங்குது, எத்தனை வருஷமா சொல்றேன். அவரை ஒரு தடவை வரச்சொல்லிக் காட்டட்டுமா?”

பெரிய சகலை அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மேலாளர் அம்மாள் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. தலைமை வடிவமைப்பாளர் ஓய்வுபெற்றுப் போனதிலிருந்து அவருடைய கண்ணாடி அறை காலியாகக் கிடந்தது. அதற்குள் இருந்த சுழல் நாற்காலியில், யாரும் இல்லாத நேரத்தில், பெரிய சகலை உட்கார்ந்து சுற்றிப் பார்த்ததுண்டு. ஒருநாள் மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டு அந்த அறையைக் காட்டிச் சொன்னார்: “புது மாடலுக்கு அடிச்சட்டம் மாத்தறோம். சின்னவர் ஒண்ணு வரைஞ்சிருக்கார். பெரியவர் தன்னோடதையே திருத்தித் தரேங்கறார். ரெண்டையும் சோதனைக் குழிச் சேத்துல ஓட்டுவோம். எது நிக்காம ஓடுதோ அது போகும். அதை வரைஞ்சவர் அந்த ரூமுக்குப் போகலாம்.”

“குழி வேலையை நான் பாத்துக்கறேன் மேடம்,” என்றார் பெரிய சகலை. “சீனியர்ங்கற முறையில.”

“பாருங்க,” என்றார் மேலாளர், அடுத்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே.

அவருடைய திருத்தம் என்னவென்றால், தட்டு தட்டாகவே இருக்கும். ஒவ்வோர் உருளைக்கும் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சுரண்டி வரும். சேறு வரவர அது சுரண்டித் தள்ளும். தட்டைச் சாய்த்தால் இத்தனை நாள் அது தப்பாக இருந்தது என்று ஆகிவிடும். சுரண்டி வைத்தால், ஏற்கெனவே நன்றாக இருந்ததை மேலும் நன்றாக்கியதாக ஆகும். இந்த வித்தியாசத்துக்காகக் கூடுதலாக ஒரு பெட்டி நிறைய உதிரிபாகம் தேவைப்பட்டது.

குழியில் வழக்கமாக இருந்த சேற்றில் இரண்டு சட்டமுமே ஓடும் என்று அவருக்குத் தெரியும். இரண்டும் ஓடினால், மேலாளர் எது மலிவோ அதைத்தான் எடுப்பார். ஆகவே சரிவில் வழுக்காத, சுரண்டினால் மட்டுமே போகிற சேறு வேண்டும். ஒருவேளை அதில் தன் சட்டமும் நின்றுவிட்டால்? நிற்கட்டும். இரண்டும் நின்றால் பழைய சட்டமே தொடரும், அதுவும் தன்னுடையதுதானே. தன் மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்வது என்று முடிவெடுத்தவனுக்கு மூக்கு ஒரு பொருட்டா?

ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் ஆராய்ச்சி தொடங்கியது. செங்கல் சூளையிலிருந்து கொண்டுவந்த களிமண், பொடியாக நறுக்கிய வைக்கோல், சரளை, மரத்தூள். எல்லாவற்றையும் ஒரு பக்கெட்டில் போட்டு முழங்கை வரை விட்டுப் பிசைந்தார். இருபது வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு ஈடுபாட்டோடு அவர் எந்த வேலையும் செய்ததில்லை.

மனைவி துணி காயப்போட வந்தாள். “என்னங்க இது, இந்த வயசுல மண்ணு விளையாட்டு?”

“ஆராய்ச்சி.”

“ஆராய்ச்சிக்கு நான் துணி ஊறவைக்கிற பக்கெட்தான் கிடைச்சுதா?”

“நல்ல பக்கெட்டா இருந்தது.”

“நான் ஏதாவது கேட்டா மட்டும் முதுகு வலி. சேறு பிசைய முதுகு நல்லா வளையுது,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். உள்ளேதான் போன் இருந்தது.

மறுநாள் காலை அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் சின்ன சகலை வந்து நின்றான்.

“அண்ணா, நேத்து சேறு பிசைஞ்சீங்களாமே. அக்கா சொன்னாங்கன்னு இவ சொன்னா.”

“அது செடிக்கு.”

“செடிக்கு எதுக்குண்ணா சரளைக்கல்லு?” என்று சிரித்தான். “டெஸ்டுக்குத்தானே? நானே சொல்லணும்னு இருந்தேன். நம்ம குழியில இருக்கறது சேறே இல்ல, கை கழுவின தண்ணி. அதுல ஓடிட்டு வெளிய போய் மாட்டிக்கிறதுக்கு இங்கயே மாட்டிக்கலாம். ஒரு பக்கெட் எனக்கும் குடுங்களேன். வீட்ல சின்னதா ஒரு மாதிரி செஞ்சு வச்சிருக்கேன், போட்டுப் பாக்கறேன்.”

பெரிய சகலை தொண்டையைச் செருமினார். “சோதனைக்கு முன்னாடி சேத்தைக் காட்டறது முறையில்ல தம்பி.”

“உங்க சட்டத்துக்குத் தெரிஞ்ச சேறு என் சட்டத்துக்குத் தெரியக்கூடாதாண்ணா?”

அவன் குத்தலாகக் கேட்கவில்லை என்பதுதான் கொடுமை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். சுற்றியிருந்த மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. ஒருவன் பேனாவைக் கூட மூடி வைத்துவிட்டான், நன்றாகக் கேட்பதற்காக.

“தெரியட்டுமே,” என்றார் பெரிய சகலை. “எனக்கென்ன.”

அடுத்த நாள் சின்ன சகலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். “ஒட்டிக்கிச்சுண்ணா. பூராவும் ஒட்டிக்கிச்சு. ஒரு சொட்டு கீழ விழல.”

“அடடா,” என்றார் பெரிய சகலை. அன்று அவருக்குப் பசியெடுத்தது. மனைவியிடம் மொட்டை மாடியைப் பற்றி அவராகவே பேச்செடுத்தார்.

பசி ஒரு வாரம் நீடித்தது. அதற்குள் சின்ன சகலை படத்தை மாற்றிவிட்டான். சரிவை இன்னும் செங்குத்தாக்கி, இரும்புத் தகட்டை எடுத்துவிட்டுத் தடித்த ரப்பர் வைத்துவிட்டான். வண்டி ஓடும்போது அதிரும், அதிர்ந்தால் ரப்பரும் உதறும், உதறினால் சேறு விழும். நனைந்த நாய் செய்வதைத்தான் அவன் செய்திருந்தான். பெரிய சகலை சிவப்புப் பேனாவைத் திறந்து, படத்தின் நான்கு மூலைகளையும் பார்த்து, மறுபடி மூடினார். சேற்றை இன்னும் கெடுக்கலாம் என்றால், அவர் சொன்ன அளவில் கலந்த சேற்றை லாரி கொண்டுவந்து குழியில் கொட்டிவிட்டுப் போயிருந்தது.

சோதனை நாளில் மொத்தத் தொழிற்சாலையும் குழியைச் சுற்றி நின்றது. வண்டி ஓட்டியவனைப் பூனை என்பார்கள். சத்தம் போடாமல் ஓட்டுவான். முதலில் பெரிய சகலையின் சட்டம். சுரண்டிகள் நன்றாகவே சுரண்டின. சுரண்டிய சேற்றை ஒழுங்காகக் கொண்டுபோய் மேலே இருந்த தட்டில் சேர்த்தன. தட்டு நிறைந்தது. வைக்கோல் ஸ்பிரிங்குகளில் நூல்கண்டு போலச் சுற்றிக்கொண்டது. வண்டி முக்கியது, ஒரு பக்கமாக இழுத்தது, பிறகு டிராக் உருளைகளை விட்டுக் கழன்று பாய் மாதிரி சேற்றில் படுத்துக்கொண்டது.

“ஓட்டின விதம் சரியில்லை,” என்றார் பெரிய சகலை.

“ஓடினாத்தானே சார் விதம்,” என்றான் பூனை, முழங்கால் சேற்றில் நடந்து வந்துகொண்டே.

அடுத்தது சின்ன சகலையின் சட்டம். முன்னே போனது, பின்னே வந்தது, நின்ற இடத்தில் திரும்பியது. சேறு கட்டி கட்டியாக ஏறி, கட்டி கட்டியாக விழுந்தது. ஒரு தடவை ஒரு பெரிய கட்டி சரிவில் தங்கிவிட்டது. தேங்காய் அளவு இருக்கும். பெரிய சகலை மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். நில், அப்படியே நில் என்று மனதுக்குள் கெஞ்சினார். தன் சொந்தப் பிள்ளைகளின் பரீட்சைக்குக் கூட அவர் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. கட்டி விழுந்தது. அதற்கப்புறம் வண்டி நிற்கவேயில்லை. சாப்பாட்டு நேரம் வந்ததால் பூனைதான் நிறுத்தினான்.

மேலாளர் குழியின் விளிம்புக்குப் போய் ஒரு குச்சியால் சேற்றைக் குத்திப் பார்த்தார். குச்சி திரும்பி வரவில்லை.

“இந்தச் சேத்தை யார் கலந்தது?”

பெரிய சகலை சேற்றில் நின்ற குச்சியைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்து, என்ன பொய் என்று தெரியாமல் நின்றபோது, “அண்ணாதான் மேடம்,” என்றான் சின்ன சகலை. “ஞாயித்துக்கிழமை கூட வீட்ல உக்காந்து பிசைஞ்சிருக்கார். இந்தச் சேறு மட்டும் இல்லைன்னா என் பழைய டிசைனே விற்பனைக்குப் போயிருக்கும், வெளிய போய் மாட்டியிருக்கும்.”

கைதட்டினார்கள். கையேட்டு வாக்கியத்துக்கு இத்தனை வருஷமாகக் கிடைக்காத கைதட்டல்.

“நல்லா யோசிச்சிருக்கீங்க,” என்றார் மேலாளர். “இனிமே நம்ம எல்லா வண்டிக்கும் இதுதான் டெஸ்ட் சேறு. குழிக்கு முழுப் பொறுப்பு நீங்களே எடுத்துக்குங்க. சின்னவரே, நீங்க அந்த ரூமுக்குச் சாமானை மாத்திக்குங்க.”

அப்படியாக அவரவருக்கு உரியது கிடைத்தது. குழிக்குப் பக்கத்தில் பெரிய சகலைக்கு ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. குழி ஓரத்தில் ஒரு பலகை நட்டு, பெயின்டர் தன் இஷ்டத்துக்கு ‘சகலை சேறு’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். முதலில் அவருக்கு ஆத்திரம்தான். ஆனால் பெரிய பெரிய யோசனைகளோடு வந்த வண்டிகள் அதில் ஒவ்வொன்றாக மாட்டித் தவிப்பதைப் பார்க்கப் பார்க்க மனசு ஆறியது. வரைந்தவர்கள் கொட்டகை வாசலில் நின்று, “கொஞ்சம் தண்ணி ஊத்தலாமா சார்?” என்று கெஞ்சினார்கள். அவர் ஊற்றவில்லை. சேறு இயற்கையின் அங்கம் என்றார். இந்தத் துறையில் தனக்கு நிகர் யாருமில்லை என்று நம்பத் தொடங்கினார். உண்மையிலேயே யாரும் இல்லை.

ஒருநாள் சின்ன சகலை கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தான். கையில் ஒரு பை.

“அண்ணா, தப்பா நினைக்காதீங்க. வெளிய ஒரு வண்டி நின்னுபோச்சு, போய்ப் பாத்தேன். பழைய சாக்கு நைஞ்சு மண்ணோட கலந்து கிடந்தது. சாக்கு நூலைப் பிரிச்சுக் கொஞ்சம் சேர்த்தா நம்ம சேறு இன்னும் பிடிக்கும்னு தோணுது. அந்த ஓரத்துல கொஞ்சம் கலந்து பாத்தேன், நீங்க சாப்பிடப் போயிருந்தப்ப.”

“என் சேத்துலயா?”

“கொஞ்சமாத்தாண்ணா.”

பெரிய சகலை எழுந்து ஓரத்துக்குப் போனார். பார்வைக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சாக்கு நூல். குப்பையில் கிடக்கிற நூல். காலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு காலை எடுத்தார். கால் வந்தது. ஷூ வரவில்லை.

“எப்படிண்ணா இருக்கு?”

“பரவாயில்லை,” என்றார் பெரிய சகலை.

“ஷூ, அண்ணா. இருங்க, நான் எடுத்துத் தரேன்.”

“இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ஈரக் காலுறையுமாக, நிமிர்ந்த தலையோடு கொட்டகைக்கு நடந்தார்.